குரோனோகிராஃப் காட்டும் வேகம் கையேட்டோடு ஒத்துப்போகாதபோது: கையால் நிரப்பிய ரைஃபிள் தோட்டாக்களைச் சோதிப்பது எப்படி?

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிச் சுடுபவர்களிடம், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி இன்று பரவலாகக் காணப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கார்மின் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் ரேடார் கருவியை வெளியிட்ட பிறகு, முன்பு முக்காலியும் திரைகளுமாகச் சுமந்து சென்றவர்கள்கூட ஒரே நிமிடத்தில் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அளப்பது எளிதான அளவுக்கு, அளந்த எண்ணைப் புரிந்துகொள்வது எளிதாகவில்லை. எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து, என்ன வேகம் என்று பட்டியலிடும் நிரப்பல் கையேட்டில் விநாடிக்கு 2,700 அடி என்று அச்சிட்டிருக்கும் நிரப்பலுக்குக் கருவி 2,590 காட்டுகிறது. வேறொருவருக்கு அதே நிரப்பல் 2,810 காட்டுகிறது. இன்னொருவருக்கு நான்கு குண்டுகள் ஒன்றுபோல வந்து, ஐந்தாவது மட்டும் தொடர்பே இல்லாத ஓர் எண்ணைத் தருகிறது. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள். ஆனால் மூன்றுக்கும் பலர் ஒரே விடையைத்தான் தேடுகிறார்கள்: வெடிமருந்தின் அளவை மாற்றுவது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். எண் குறைவாக வரும்போது மருந்தைக் கூட்டுவதோ, பல சமயங்களில் செய்யவே கூடாத காரியம்.

அடிப்படைகள்

ஒரு ரைஃபிள் தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே புகையில்லா வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு. சுட்ட பிறகு உறை மட்டும் மிஞ்சுகிறது. அதைத் தூய்மைப்படுத்தி, மீண்டும் அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்ப்பதே கையால் நிரப்புதல். மருந்தின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்று சொல்கிறார்கள்; இக்கட்டுரையில் வேகம் பற்றிப் பேசுமிடத்தில் வெறுமனே "அடி" என்று வந்தால் அதையே குறிக்கும்.

அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட, கடைகளில் எல்லாப் பொருளும் கிடைக்கும் ஒரு பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், இங்கே பேசப்படுவது முழுக்க அமெரிக்கச் சூழல்தான்.

வேகம் ஏன் அழுத்தத்தின் சாட்சி?

மருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தம் குண்டைக் குழல் நெடுகத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு தூரத்துக்கு நீடித்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் குண்டு வெளியேறும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. 1926இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமி, ஒவ்வொரு தோட்டா வகைக்கும் ஓர் உச்ச அழுத்தத்தை வரையறுத்துள்ளது. .308 வின்செஸ்டருக்கு அது சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு; .223 ரெமிங்டனுக்கு 55,000, பழைய .30-30க்கு 42,000.

வீட்டில் நிரப்புபவரிடம் அழுத்தத்தை அளக்கும் கருவி பொதுவாக இருப்பதில்லை. அவருக்குக் கிடைக்கும் நம்பகமான எண் வேகம் ஒன்றே. அதனால்தான் எதிர்பாராத வேகத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஒரே குழல் நீளம், ஒரே குண்டு, ஒரே மருந்து என்றிருக்கும்போது, கையேட்டின் உச்ச நிரப்பல் தரும் வேகத்தைவிட அதிக வேகம் உண்மையிலேயே கிடைத்தால், அழுத்தமும் பெரும்பாலும் கையேட்டைத் தாண்டியிருக்கும். "என் துப்பாக்கி கொஞ்சம் வேகமான துப்பாக்கி" என்ற பெருமிதம் இந்த இடத்தில் ஆபத்தானது.

கருவி உண்மையில் எதை அளக்கிறது?

1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் ஒரு கனமான ஊசலைச் சுட்டு, அது எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். இன்றைய கருவிகளும் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. நேரத்தையோ அலைவெண் மாற்றத்தையோ அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகின்றன. கணக்குக்குள் நுழையும் அனுமானங்கள் பிழைத்தால் விடையும் பிழைக்கும். புழக்கத்தில் இருப்பவை மூன்று வகை.

ஒளித்திரை வகையில் இரண்டு ஒளி உணரிகள் பெரும்பாலும் இரண்டடி இடைவெளியில் இருக்கும். குண்டின் நிழல் முதலாவதைக் கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கி, இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கிறது. 2,700 அடி வேகத்தில் இந்த இடைவெளியைக் கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் சுமார் 741 பங்கு. இவ்வளவு குறுகிய நேரத்தில் பிழை நுழையும் வழிகள் பல:

1. இடைவெளி மாறுதல். மடக்கக்கூடிய சட்டத்தை முழுதாக விரிக்காமல் விட்டு, உணரிகளின் இடைவெளி கால் அங்குலம் குறைந்தால், உண்மையில் 2,700 அடி வேகத்தில் போகும் குண்டைக் கருவி 2,728 என்று காட்டும்.

2. சாய்வு. குண்டின் பாதைக்குக் கருவி ஐந்து டிகிரி கோணலாக நின்றால் எண் சுமார் 10 அடி குறையும். பத்து டிகிரி என்றால் சுமார் 41 அடி குறையும். சாய்வினால் வரும் பிழை எப்போதும் எண்ணைக் குறைத்தே காட்டும்.

3. ஒளி. இதுவே மிகவும் தந்திரமானது. தாழ்ந்த வெயில் குண்டின் பளபளப்பான அடிப்பாகத்தில் பட்டு ஒரு உணரியை மட்டும் ஏமாற்றினால், ஒன்று குண்டின் மூக்கையும் மற்றொன்று அதன் வாலையும் கண்டுகொள்ளலாம். .308இல் பரவலாகப் பயன்படும் 168 கிரெய்ன் போட்டிக் குண்டின் நீளம் சுமார் 1.2 அங்குலம். அந்த நீளம் முழுவதும் பிழையாகக் கணக்கில் சேர்ந்தால் 2,700 என்பது 2,571 ஆகவோ 2,842 ஆகவோ மாறிவிடும். நான்கு நல்ல எண்களுக்கு நடுவே வரும் அந்த ஐந்தாவது விசித்திர எண்ணுக்குப் பல நேரங்களில் காரணம் இதுவே. மேகம் விட்டுவிட்டு மறைக்கும் நாட்களில் இது அதிகம். கூரையிட்ட சுடுதளத்தில் பழைய வகைக் குழல்விளக்குகளும், அமெரிக்க மின்சாரத்தில் விநாடிக்கு 120 முறை மினுக்குவதால், தம் பங்குக்குக் குழப்பும்.

4. வெடிப்பின் அதிர்வு. குழல்வாயிலிருந்து கருவி பத்து முதல் பதினைந்து அடி தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால், குண்டுக்கு முன்னே பீறிடும் வாயுவும் எரியாத மருந்துத் துகள்களும் முதல் உணரியைத் தூண்டிவிடும். ஒலியின் வேகத்தை ஒட்டி, அதாவது 1,100 அடிக்கு அருகில், ஓர் எண் வந்தால் கருவி பார்த்தது குண்டை அல்ல, வெடியோசையை.

இரண்டாவது வகை, குழலின் முனையில் கத்திபோலப் பொருத்தப்படும் மின்காந்த உணரி. மேக்னெட்டோஸ்பீட் இதில் பெயர் பெற்றது. வெயிலோ நிழலோ இதைப் பாதிப்பதில்லை. உணரிக்கும் குண்டின் பாதைக்கும் உள்ள இடைவெளி சரியாக இல்லாவிட்டாலோ, சுடும்போது பட்டை தளர்ந்துவிட்டாலோ பிழை வரும். குழலில் தொங்கும் எடை குண்டு விழும் இடத்தை மாற்றும் என்பதால், வேகத்தையும் துல்லியத்தையும் ஒரே தொடரில் சோதிப்பது இதில் சரிப்படாது.

மூன்றாவது வகை டாப்ளர் ரேடார். பறந்து செல்லும் குண்டிலிருந்து திரும்பும் அலையின் அலைவெண் மாற்றத்தை அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டு, குழல்வாய் வேகத்தைச் சொல்கிறது. இம்மூன்றில் பயனருக்குத் தவறிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளது இதுவே என்பது என் மதிப்பீடு. இருந்தாலும் கருவி இலக்கை நோக்காமல் விலகியிருந்தாலோ, ஓசையால் தூண்டப்படும் வகையாக இருந்து பக்கத்து மேடையில் ஒருவர் சுட்டாலோ, எண் தவறலாம் அல்லது பதிவே ஆகாமல் போகலாம்.

கருவியைச் சந்தேகித்தால் இன்னொரு கருவியை அதே குண்டுகளுக்கு வைத்துப் பார்ப்பதே நேரான வழி. டெக்சாஸின் ஓலர் நிறுவனம் தன் 35பி மாதிரியில் மூன்றாவது திரை ஒன்றைச் சேர்த்ததன் நோக்கம் இதுதான்: ஒரே குண்டை இருமுறை அளந்து, இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் எச்சரிப்பது. கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்டுப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடும் வழக்கமும் உண்டு. அது தோராயமான சோதனை மட்டுமே. சாமி தரநிலையே அறிவிக்கப்பட்ட வேகத்திலிருந்து 90 அடி மேலும் கீழும் விலகுவதை ஏற்கிறது.

ஐந்து குண்டுகள் எவ்வளவு சொல்லும்?

கருவி சரி என்று உறுதியானாலும், எத்தனை குண்டு சுட்டோம் என்ற கேள்வி இருக்கிறது. சுடுபவர்கள் மூன்று எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள்: சராசரி; மிக உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசமான வீச்சு; சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்று சொல்லும் திட்ட விலக்கம்.

ஐந்து குண்டுகள் சுட்டு, திட்ட விலக்கம் 15 அடி என்று கருவி காட்டுவதாகக் கொள்வோம். புள்ளியியல் கணக்குப்படி, அந்த நிரப்பலின் உண்மையான திட்ட விலக்கம் 9 முதல் 43 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மட்டுமே 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல முடியும். இருபது குண்டுகள் சுட்டு அதே 15 வந்தால் அந்த எல்லை 11 முதல் 22 வரையாகச் சுருங்கும். சராசரியிலும் இதே கதைதான். ஐந்து குண்டுச் சராசரிக்கு ஏறக்குறைய 19 அடி இருபுறமும் ஐயம் உண்டு. இருபது குண்டுகளுக்கு 7 அடி. ஆக, இரண்டு நிரப்பல்களை ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டு, ஒன்று 15 அடி வேகமானது என்று முடிவு கட்டுவதற்கு ஆதாரமே இல்லை.

வீச்சு இன்னும் ஏமாற்றும். எந்த மாற்றமும் இல்லாத அதே தோட்டாக்களில், திட்ட விலக்கம் 15 என்றால், ஐந்து குண்டுகளின் வீச்சு சராசரியாக 35 அடியும் இருபது குண்டுகளின் வீச்சு 56 அடியும் வரும். அதிகம் சுட்டவரின் தோட்டா மோசமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு பிரபலமான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். மருந்தை 0.2 கிரெய்ன் வீதம் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு அளவுக்கும் ஒரே ஒரு குண்டு சுட்டு, வேகம் கூடாமல் தட்டையாக நிற்கும் இடத்தைத் தேடுவது பலரின் வழக்கம். .308 போன்ற தோட்டாவில் ஒரு கிரெய்னுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 அடி மாறுவதால், ஒரு படிக்கு 11 அடி அளவு உயர வேண்டும். ஆனால் திட்ட விலக்கம் 12 என்று இருந்தாலே, கிட்டத்தட்ட நான்கு படிகளில் ஒன்றில் வேகம் கூடுவதற்குப் பதில் குறைந்தே தெரியும். மருந்தைக் கூட்டியும் வேகம் குறைந்தது என்ற புதிருக்கும், "தட்டையான இடம் கிடைத்துவிட்டது" என்ற மகிழ்ச்சிக்கும் பெரும்பாலும் காரணம் தற்செயல்தான். அதே அளவுகளை மறுநாள் மீண்டும் சுட்டால் தட்டையான இடம் வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கும்.

கையேட்டின் எண் யாருடைய எண்?

கையேட்டில் உள்ள வேகம் ஒரு குறிப்பிட்ட குழலில், குறிப்பிட்ட உறை, பிரைமர், குண்டு, மருந்துத் தொகுதி (ஒரே தடவையில் தயாரான மருந்து) ஆகியவற்றைக் கொண்டு பெறப்பட்டது. .308க்கான சாமி சோதனைக் குழலின் நீளம் 24 அங்குலம். ரைஃபிள்களில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் பொதுவாக 20 முதல் 30 அடி வேகம் குறையும். எனவே 20 அங்குலக் குழலில் 80 முதல் 120 அடி குறைவாக வருவது இயல்பு. தொடக்கத்தில் சொன்ன 2,590 என்ற எண்ணுக்கு இவ்வளவே விளக்கமாக இருக்கலாம். அங்கே தோட்டாவில் ஒரு கோளாறும் இல்லை. பதினைந்து அடி தள்ளி அளக்கும் ஒளித்திரையில், காற்றுத் தடையால் குழல்வாய் வேகத்தைவிடப் பத்தடி அளவு குறைந்திருப்பதும் சேர்ந்துகொள்ளும்.

தோட்டாவிலேயே மாற்றம் இருந்தால்

இதுவரை சொன்ன எதனாலும் விளங்காத வேறுபாடு நின்றால், அப்போதுதான் தோட்டாவைப் பார்க்க வேண்டும். எண்களைச் சுட்ட வரிசையிலேயே எழுதி வைத்திருந்தால், அந்த வரிசையே பல நேரங்களில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எண்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். சூடான குழலில் தோட்டாவை ஏற்றிவிட்டு நெடுநேரம் குறிபார்த்துக்கொண்டிருந்தால் மருந்தும் சூடாகி வேகமாக எரிகிறது. வெப்பத்துக்கு எளிதில் வசப்படும் மருந்துகளில் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு ஓர் அடியோ அதற்கு மேலுமோ மாறும். 40 டிகிரிக் குளிரில் பாதுகாப்பாகத் தெரிந்த உச்ச நிரப்பல், 95 டிகிரி வெயிலில் 55 அடி கூடுதல் வேகத்தையும் அதற்குரிய அழுத்தத்தையும் தரக்கூடும். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் வார்கெட் போன்ற சில மருந்துகள் இந்த மாற்றத்தைக் குறைப்பதற்கென்றே செய்யப்படுகின்றன.

எண்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நின்றால் உறைகளைப் பார்க்க வேண்டும். இராணுவப் பயன்பாட்டுக்கான 7.62 மி.மீ. உறைகள் கடையில் கிடைக்கும் .308 உறைகளைவிடப் பெரும்பாலும் தடிமனானவை. உள்ளே இடம் குறைவு என்பதால் அதே அளவு மருந்து அதிக அழுத்தத்தையும் வேகத்தையும் தரும். இரண்டையும் கலந்து நிரப்பியவரின் தாளில் இரண்டு கூட்டங்கள் தோன்றுவது வியப்பல்ல.

ஒழுங்கே இல்லாமல் சிதறினால் மருந்தின் எடை, உறைக் கழுத்தின் பிடிப்பு, பிரைமர் சரியாக அடியில் பதிந்திருப்பது ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். மின்னணுத் தராசுகள் காற்றோட்டத்தாலும் நிலைமின்னூட்டத்தாலும் மெல்ல விலகும். சோதனை எடைக்கல்லை இடையிடையே வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. ஆனால் தராசு 0.1 கிரெய்ன் தவறினால் .308இல் வேகம் மாறுவது ஐந்தாறு அடி மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 60 அடிச் சிதறலுக்கு அந்தப் பழியைப் போட முடியாது. பெரிய உறையில் குறைந்த மருந்து இட்டிருந்தால், அது பிரைமர் பக்கம் கிடக்கிறதா, குண்டின் பக்கம் சரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே பல பத்து அடிகள் வேறுபடலாம். சுடுவதற்கு முன் குழலை ஒருமுறை மேலே தூக்கி, ஒருமுறை தாழ்த்திச் சோதித்தால் இது வெளிப்படும்.

மொத்தச் சராசரியும் ஒரு பக்கமாக இடம்பெயர்ந்திருந்தால், எது புதிது என்று கேட்க வேண்டும். புதிய மருந்துத் தொகுதி, வேறு பிரைமர், ரைஃபிளிங்கை (குழலின் உட்புறச் சுருள் வரிகளை) தொடும் அளவுக்கு முன்னே நீட்டி வைத்த குண்டு, நெடுநாள் திறந்து கிடந்து ஈரம் வற்றிய மருந்து ஆகிய ஒவ்வொன்றும் சராசரியை நகர்த்தும். இவற்றில் மிக மோசமானது பெயர்க் குழப்பம். எச் 4895, ஐஎம்ஆர் 4895 என்று ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு மருந்துகள் விற்கப்படுகின்றன. ஒன்றுக்கான அளவை மற்றதற்குப் பயன்படுத்தக் கூடாது.

எண்ணைப் பார்த்த பின் என்ன செய்வது?

1. ஓசை வழக்கத்தைவிட மிகவும் மெலிந்து, எண்ணும் மிகக் குறைவாக வந்தாலோ வராமலே போனாலோ, அடுத்த தோட்டாவை ஏற்றக் கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வெறுமையாக்கி, குழலைப் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

2. எண் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக அதிகமாக வந்தால், கருவிப் பிழை என்று நிரூபிக்கும்வரை அதை உண்மை என்றே கொள்ள வேண்டும். சுடுவதை நிறுத்திவிட்டுக் கருவியைச் சோதிக்கலாம். சுட்டுக்கொண்டே சோதிக்கக் கூடாது. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உலோகத் தண்டை) தூக்கக் கடினமாக இருப்பது, உறையின் அடியில் எஜெக்டரின் (சுட்ட உறையை வெளியே தள்ளும் உறுப்பின்) தடம் பதிவது ஆகியவை மிகையழுத்தத்தின் அடையாளங்கள். ஆனால் அவை இல்லாததைப் பாதுகாப்புச் சான்றாகக் கொள்ள முடியாது. 42,000 பவுண்டு அழுத்தத்துக்கு வடிவமைத்த .30-30 ரைஃபிளில், பித்தளையில் அடையாளம் தோன்றும் முன்பே வரம்பு வெகுவாகத் தாண்டப்பட்டிருக்கும்.

3. புதிய தொகுதி மருந்தில் 40 அடி கூடிவிட்டால், கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பி மீண்டும் படிப்படியாக ஏற வேண்டும்.

4. எண் குறைவாக வந்து, மற்றபடி எல்லாம் இயல்பாக இருந்தால், குழல் நீளம், கருவியின் சாய்வு, வெப்பநிலை, சுட்ட எண்ணிக்கை என்ற வரிசையில் பார்க்கலாம். பெரும்பாலான குறைவுகள் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் குறை நிற்பதுண்டு. ஒரே நிறுவனத்தின், ஒரே நீளமுள்ள இரண்டு குழல்கள், ஒரே தோட்டாவில் பல பத்து அடி வேறுபடும். ஒன்றின் சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) சற்று விசாலமாக இருந்து அழுத்தம் குறைந்ததால் அது மெதுவாகச் சுடலாம். அல்லது அழுத்தம் முழுதாக இருந்தும் குழலின் உட்புறத் தன்மையால் மெதுவாகலாம். முதல் நிலையில் இன்னும் கொஞ்சம் மருந்து தாங்கும். இரண்டாவது நிலையில் தாங்காது. இரண்டிலும் குரோனோகிராஃப் காட்டுவது ஒரே எண். எது தன் துப்பாக்கியின் நிலை என்று அறிய நிரப்புபவரிடம் வழியில்லை என்பதால், கையேட்டின் உச்ச அளவை மீறி அந்தக் குறையை ஈடுகட்ட அவருக்கு அடிப்படையும் இல்லை.